முன்பதிவுப் பலகை அடம்பிடித்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

இடது ஓரத்தில் அறைகள், வண்டிகள், இயந்திரங்கள், ஆட்கள்; இவற்றை வளங்கள் என்போம். மேலே நாளும் மணியும். நடுவில் பட்டைகள், ஒவ்வொரு பட்டையும் ஒரு முன்பதிவு. இழுத்து இடம் மாற்றலாம், ஓரத்தைப் பிடித்து நீட்டலாம். டேட்டாபேஸ் அப்ளிகேஷன் செய்து தருபவரிடம் வாடிக்கையாளர் என்றாவது ஒருநாள் கேட்டே தீரும் திரை இது. இதில் கோளாறு வந்தால் எங்கே தேடுவது என்பதுதான் குழப்பம். படம் வரையும் கோட் பிசகினாலும் டேபிளில் உள்ள வரியே தவறாக இருந்தாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுபோலவே இருக்கும்.

அதனால் எந்தப் புகாராக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். அந்த முன்பதிவின் ஐடியை எடுத்துக்கொண்டு, திரையை ஒதுக்கிவிட்டு, டேபிளில் நேராக க்வெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) போட்டுத் தொடக்கம் என்ன, முடிவு என்ன என்று பாருங்கள். வரி சரி, படம் தவறு என்றால் பிரவுசர் பக்கம் தேட வேண்டும். வரியே தவறு என்றால் அதை எழுதிய வழியைத் தேட வேண்டும். இதைச் செய்யாமல் நேரே ஜாவாஸ்கிரிப்டுக்குள் இறங்கினால் அரை நாள் போய்விடும்.

## ஒரே அறைக்கு ஒரே நேரத்தில் இரண்டு முன்பதிவு

இருப்பதிலேயே பெரிய புகார் இது. முதலில் மோதல் பார்க்கும் நிபந்தனையைச் சரிபாருங்கள். "புதியதன் தொடக்கம் பழையதற்குள் விழுகிறதா? புதியதன் முடிவு பழையதற்குள் விழுகிறதா?" என்று இரண்டு கேள்வி கேட்டு நிறுத்தியிருப்பார்கள். பழையது 10 முதல் 11 வரை, புதியது 9 முதல் 12 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். புதியதன் இரண்டு முனையும் பழையதற்கு வெளியே இருப்பதால் சோதனையில் தேறிவிடும். இதை அடைக்க மூன்றாவது கேள்வி, அப்புறம் நான்காவது என்று கிளை வளரும். அவ்வளவும் வேண்டாம். ஒன்று தொடங்குவது மற்றது முடிவதற்கு முன், மற்றது தொடங்குவது இது முடிவதற்கு முன். இரண்டும் உண்மையானால் மோதல், ஒன்று பொய்யானாலும் மோதல் இல்லை.

நிபந்தனை சரியாக இருக்கிறது, ஆனாலும் நெரிசலான நேரத்தில் மட்டும் எப்போதாவது இரட்டைப் பதிவு வருகிறது என்றால் அது வேறு நோய். இரண்டு பேர் கிட்டத்தட்ட ஒரே நொடியில் சேமிக்கிறார்கள். இருவருக்கும் செலக்ட் (வரிகளைப் படிக்கும் கட்டளை) "காலி" என்கிறது, இருவருடைய இன்சர்ட்டும் (புது வரி எழுதும் கட்டளை) நடந்துவிடுகிறது. சோதனைக்கும் எழுதுவதற்கும் நடுவே உள்ள இடைவெளிதான் ஓட்டை. அதே சோதனையைத் தூக்கி டிரிக்கரில் (வரி எழுதும்போது டேட்டாபேஸ் தானாக ஓட்டும் கோட்) வைத்தாலும் ஓட்டை அடையாது, மற்றவர் இன்னும் கமிட் செய்யாத, அதாவது உறுதிப்படுத்தாத, வரி டிரிக்கருக்கும் தெரியாமல் போகலாம். திரையில் பட்டையைச் சிவப்பாக்குவது பயனருக்கு உதவிதான், ஆனால் அது காவல் ஆகாது. காவல் டேட்டாபேஸில்தான் இருக்க வேண்டும்.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள். 2010-ல் வந்த 9.0 பதிப்பிலிருந்து எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட் (மோதும் வரிகளை டேட்டாபேஸே மறுக்கும் கட்டுப்பாடு) உண்டு. 2012-ல் வந்த 9.2-லிருந்து ரேஞ்ச் வகைகளும் (தொடக்கமும் முடிவும் சேர்ந்த ஒரே மதிப்பு) உண்டு. "வள ஐடி சமம், நேர ரேஞ்ச் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது, இரண்டும் சேர்ந்த இரு வரிகள் இருக்கக் கூடாது" என்று ஒரே கட்டுப்பாடாக எழுதிவிடலாம். ஐடியின் சமத்தையும் ரேஞ்சையும் ஒரே ஜிஸ்ட் இண்டெக்ஸில் சேர்க்க பிட்ரீ-ஜிஸ்ட் (btree_gist) எக்ஸ்டென்ஷன் தேவை. அதை நிறுவாமல் வரும் பிழைச் செய்தியைப் பார்த்துப் பலர் இந்த வழியையே கைவிட்டுவிடுகிறார்கள், பாவம்.

மைஎஸ்கியூஎல்-இல் இப்படி ஒன்று இல்லை. அங்கே அந்த வளத்தின் வரியை "செலக்ட் ஃபார் அப்டேட்" போட்டுப் பூட்டி, பிறகு மோதல் பார்த்து, பிறகு இன்சர்ட் செய்து கமிட் செய்ய வேண்டும். பூட்டுவதுதான் டிரான்சாக்ஷனின் (முழுதாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காத கட்டளைத் தொகுப்பு) முதல் வேலையாக இருக்க வேண்டும். மைஎஸ்கியூஎல்-இன் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபி-யின் வழக்கமான ரிப்பீட்டபிள் ரீட் நிலையில் முதல் சாதாரண செலக்ட் நடந்த கணத்தின் படமே கடைசி வரை கண்ணில் படும். முன்னாலேயே ஏதாவது ஒரு செலக்ட் ஓடியிருந்தால், பூட்டிய பிறகும் பழைய படத்தைப் பார்த்து "காலி" என்று முடிவெடுப்பீர்கள். எஸ்கியூஎல் சர்வரில் அப்ட்லாக் (UPDLOCK), ஹோல்ட்லாக் (HOLDLOCK) என்ற பூட்டுக் குறிப்புகள் இரண்டையும் சேர்த்து அதே வேலையைச் செய்யலாம்.

முன்பதிவு எப்போதும் அரை மணி அலகில்தான் என்றால் எந்த டேட்டாபேஸிலும் செல்லும் பழைய உத்தி ஒன்று உண்டு. ஒவ்வொரு அரை மணிக்கும் ஒரு வரி. வள ஐடி, தேதி, கட்ட எண் மூன்றுக்கும் சேர்த்து யுனீக் இண்டெக்ஸ். வரிகள் அதிகமாகும், அழகும் இல்லை, ஆனால் அசைக்க முடியாது.

மூன்றாவது வகை: கட்டுப்பாடு இருக்கிறது, அதையும் மீறி நுழைகிறது. வள ஐடி நல் (NULL, அதாவது மதிப்பே இல்லாதது) ஆக இருக்கிறதா பாருங்கள். நல் எதற்கும் சமம் இல்லை என்பதால் எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட் அதைக் கண்டுகொள்ளாது. தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருக்கும் வரியும் தப்பித்துவிடும், ஏனெனில் காலி ரேஞ்ச் எதன்மீதும் விழாது. ஐடிக்கு நாட் நல், முடிவு தொடக்கத்தைவிடப் பெரியது என்று ஒரு செக், இவை இரண்டும் கூடவே வேண்டும். மாறாக, ரத்து செய்த முன்பதிவு புதியதைத் தடுக்கிறது என்றால் கட்டுப்பாட்டில் "ரத்தாகாதவை மட்டும்" என்ற WHERE நிபந்தனை விட்டுப்போயிருக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும் டேபிளில் கட்டுப்பாடு சேர்க்கப் போனால் ஏற்கெனவே உள்ள இரட்டைகளால் அது தோற்கும். டேபிளைத் தன்னோடு தானே ஜாயின் செய்து, ஒரே வளம், மேலே சொன்ன மோதல் நிபந்தனை, முதல் ஐடி இரண்டாவதைவிடச் சிறியது என்று கேட்டால் ஜோடிகள் ஒருமுறை மட்டும் வரும். எது நிற்கட்டும், எது போகட்டும் என்பதை நீங்கள் தீர்மானிக்காதீர்கள். அந்த அறைகளை நடத்துபவரிடம் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள்.

## 11 மணிக்கு முடிவதும் 11 மணிக்குத் தொடங்குவதும் மோதுவதாகச் சொல்கிறது

நிபந்தனையில் "முன்" என்ற இடத்தில் "முன் அல்லது சமம்" போட்டிருக்கிறார்கள். தொடக்கம் உள்ளே, முடிவு வெளியே என்று கொள்ளுங்கள்: 10 முதல் 11 வரை என்றால் 11 அதில் சேராது. போஸ்ட்கிரெஸ் ரேஞ்சும் வழக்கமாக இப்படித்தான் நடந்துகொள்ளும். இதைத் தவிர்க்க முடிவை 10:59:59 என்று சேமிக்கும் பழக்கம் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். நேர அளவு கணக்கில் ஒரு நொடி குறையும், பட்டைகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி தெரியும், வேறு மென்பொருளிலிருந்து வரும் 11:00 என்ற முடிவோடு ஒத்துப்போகாது.

நிபந்தனை சரியாக இருந்தும் சில நேரங்களுக்கு மட்டும் இது நடந்தால், அதுவும் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் நடந்தால், தசமத்தைச் சந்தேகப்படுங்கள். ஆக்சஸ் தேதியை 1899 டிசம்பர் 30-லிருந்து எண்ணும் தசம எண்ணாக வைத்திருக்கிறது. முழு எண் நாள், பின்னம் நேரம். லூப் ஓட்டி 1/48 ஆக 1/48 ஆகக் கூட்டிப் பெற்ற 11 மணியும், கையால் தட்டிய 11 மணியும் பார்க்க ஒன்றாக இருந்தாலும் கடைசி இலக்கங்களில் வேறுபடலாம். நள்ளிரவிலிருந்து எத்தனை நிமிடம் என்ற முழு எண்ணாக மாற்றி ஒப்பிட்டால் தொல்லை தீர்ந்தது.

## மூன்று வார முன்பதிவு நடு வாரத்தில் காணவில்லை

டேபிளில் வரி இருக்கும், திரையில் இருக்காது. திரைக்கு வரிகளை எடுக்கும் க்வெரி "தொடக்கம் இந்த வாரத்துக்குள் இருப்பவை" என்று கேட்டிருக்கும். போன வாரம் தொடங்கி அடுத்த வாரம் முடிவது அதில் சிக்காது. இங்கேயும் அதே மோதல் நிபந்தனைதான்: திரையின் கால வரம்பையும் ஒரு முன்பதிவாக நினைத்து, அதோடு மோதுபவை எல்லாவற்றையும் எடுங்கள்.

இதைத் திருத்தியதும் பெரும்பாலும் இன்னொரு பிழை முளைக்கும், அது இதைவிட மோசமானது. திரைக்கு வெளியே நீளும் பட்டையை வாரத்தின் ஓரத்தில் வெட்டி வரைவீர்கள். பயனர் அதை இழுத்து வேறு அறைக்கு மாற்றுவார். பட்டையின் பிக்சல் இடத்திலிருந்து தொடக்கத்தைக் கணக்கிடும் கோட், வெட்டிய ஓரத்தையே தொடக்கம் என்று எழுதிவிடும். மூன்று வாரம் ஒரு வாரமாகச் சுருங்கிப்போகும், எந்தச் செய்தியும் வராது. பட்டை இருக்கும் இடத்திலிருந்து நேரத்தைப் படிக்கவே கூடாது. எவ்வளவு நகர்ந்தது என்ற வித்தியாசத்தை மட்டும் எடுத்து, அதை மூலத் தொடக்கத்தோடும் மூல முடிவோடும் கூட்ட வேண்டும். இழுப்பது நீளத்தை மாற்றக் கூடாது, ஓரத்தைப் பிடித்து நீட்டுவது ஒரு முனையை மட்டுமே மாற்ற வேண்டும். வெட்டிய ஓரத்தில் சிறு அம்புக்குறி போட்டு, அந்தப் பக்கம் நீட்டும் பிடியை எடுத்துவிடுங்கள்.

## பிடித்தவுடன் பட்டை தாவுகிறது, அல்லது விரலை விட்டு நழுவுகிறது

பட்டையின் நடுவில் பிடித்தால் அதன் இடது முனை சுட்டிக்குத் தாவுகிறது என்றால், பிடித்த புள்ளிக்கும் இடது முனைக்கும் உள்ள தூரத்தைக் கழிக்கவில்லை. பலகையை உருட்டிய பிறகு மட்டும் இடம் தவறுகிறது என்றால் உருட்டிய அளவு கணக்கில் இல்லை. எப்போதும் ஒரு கட்டம் இடப்பக்கமே போய் விழுகிறது என்றால் கட்டத்தோடு ஒட்டவைக்கும்போது அருகில் உள்ளதற்கு முழுமையாக்காமல் கீழ் நோக்கி வெட்டுகிறீர்கள்.

மவுஸை வேகமாக இழுத்தால் பட்டை பாதியில் நின்றுவிடுகிறதா? நகர்வைக் கேட்கும் ஹேண்ட்லரைப் பட்டைமீது மட்டும் வைத்திருக்கிறீர்கள். பாயிண்டர் ஈவென்ட்களுக்கு மாறி, அழுத்தியவுடன் பாயிண்டர் கேப்ச்சர் செய்துகொண்டால் சுட்டி வெளியே போனாலும் நகர்வு வந்துகொண்டிருக்கும். தொடுதிரையில் பட்டைக்குப் பதில் பக்கமே உருண்டால் சிஎஸ்எஸ்-இல் டச்-ஆக்ஷன் பண்பை விட்டிருப்பீர்கள். அதைப் பட்டைகளுக்கு மட்டும் போடுங்கள், பலகை முழுவதற்கும் போட்டால் கைப்பேசியில் உருட்டவே முடியாது.

அடுத்தடுத்த பட்டைகள் ஒரு பிக்சல் ஏறி நிற்பது இதன் தம்பி. இடத்தையும் அகலத்தையும் தனித்தனியே முழுமையாக்காமல், இரண்டு முனைகளையும் முழுமையாக்கி அவற்றின் வித்தியாசத்தை அகலமாக எடுத்தால் போய்விடும்.

## அரை மணி தள்ளினால் "மோதுகிறது" என்கிறது, அங்கே யாரும் இல்லை

தன்னோடு தானே மோதுகிறது. மோதல் சோதனையில் நகரும் முன்பதிவின் சொந்த ஐடியை விலக்கவில்லை. அவ்வளவுதான்.

## புதிய இடத்தில் நிற்கிறது, ரிஃப்ரெஷ் செய்தால் பழைய இடத்துக்குப் போகிறது

சர்வர் மறுத்திருக்கிறது, திரை அதைச் சொல்லவில்லை. விட்டவுடன் பட்டையைப் புதிய இடத்தில் வைத்துவிட்டுப் பின்னணியில் சேமிப்பது நல்ல அனுபவம்தான், ஆனால் மறுப்பு வந்தால் திருப்பி வைக்கும் பாதையும் எழுதியிருக்க வேண்டும். பிரவுசரின் நெட்வொர்க் டேபைத் திறந்து பதிலைப் பாருங்கள். போஸ்ட்கிரெஸ் எக்ஸ்க்ளூஷன் மீறலுக்கு 23P01 என்ற குறியீட்டைத் தரும். அதைப் பிடித்து "இந்த நேரத்தில் வேறு முன்பதிவு இருக்கிறது" என்று சொல்லி, மோதும் பட்டையையும் காட்டுங்கள். "ஏதோ தவறு நடந்துவிட்டது" என்ற செய்தியால் யாருக்கும் பயன் இல்லை.

இழுத்துக்கொண்டிருக்கும்போதே பட்டை கையிலிருந்து பறிபோகிறது என்றால், சில நொடிகளுக்கு ஒருமுறை புதுத் தரவு எடுத்துப் பலகையை மறுபடி வரையும் கோட் குற்றவாளி. இழுப்பு முடியும் வரை அதை நிறுத்திவையுங்கள்.

வேறு ஒருவர் செய்த மாற்றம் சத்தமின்றி அழிகிறது என்றால் ஒவ்வொரு வரிக்கும் பதிப்பு எண் வேண்டும். "ஐடி இது, பதிப்பு நான் படித்தது" என்று அப்டேட் செய்யுங்கள். பூஜ்யம் வரிகள் மாறினால் நடுவில் யாரோ புகுந்திருக்கிறார்கள்.

## இரண்டு முன்பதிவுகளை ஒன்றுக்கொன்று இடம் மாற்ற முடியவில்லை

கட்டுப்பாடு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. முதலாவதை நகர்த்தும் கணத்தில் அது இரண்டாவதன்மேல் விழத்தான் செய்யும். ஒன்றைத் தற்காலிகமாக 2099-க்கு அனுப்பிவைக்கும் குறுக்கு வழியைப் பார்த்திருக்கலாம். நடுவில் ஏதாவது அறுந்தால் அந்த முன்பதிவு 2099-லேயே தங்கிவிடும். போஸ்ட்கிரெஸில் கட்டுப்பாட்டை டிஃபெரபிள் என்று அறிவித்து, இடமாற்றம் செய்யும் டிரான்சாக்ஷனில் மட்டும் சோதனையைக் கமிட் வரை தள்ளிவையுங்கள்.

## நேரம் தள்ளித் தெரிகிறது

எவ்வளவு தள்ளுகிறது என்பதே நோயைச் சொல்லிவிடும். எல்லாப் பட்டைகளும் ஒரே அளவு, உதாரணத்துக்கு ஐந்தரை மணி, தள்ளியிருந்தால் யுடிசி-யிலிருந்து (உலகப் பொது நேரம்) உள்ளூர் நேரத்துக்கு மாற்றுவது விட்டுப்போயிருக்கிறது அல்லது இரண்டு முறை நடக்கிறது. வருடத்தில் சில மாதங்கள் மட்டும் ஒரு மணி நேரம் என்றால் கோடைகால நேர மாற்றம் (சில நாடுகள் கோடையில் கடிகாரத்தை முன்தள்ளி வைப்பது). நேரமே இல்லாத வெறும் தேதி ஒருநாள் முன்னால் விழுந்தால் ஜாவாஸ்கிரிப்டின் விசித்திரம் ஒன்று: ஆண்டு-மாதம்-நாள் என்று மட்டும் கொடுத்த சரத்தை அது யுடிசி நள்ளிரவாகப் படிக்கும், கூடவே மணியும் இருந்தால் உள்ளூர் நேரமாகப் படிக்கும். யுடிசி-க்கு மேற்கே உள்ளவர்களுக்கு முந்தைய நாள் தெரியும். கிழக்கே உள்ளவர்களுக்கு நாள் சரியாக இருந்து, தொடக்கம் மட்டும் காலை ஏதோ ஒரு மணிக்கு நகர்ந்திருக்கும்.

12-ஆம் தேதி வரை எல்லாம் தவறு, 13-லிருந்து சரி என்றால் நாளும் மாதமும் இடம் மாறுகின்றன. ஆக்சஸ் எஸ்கியூஎல்-இல் ஹேஷ் குறிகளுக்குள் எழுதும் தேதியை அது மாதம்-நாள்-ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளும். 13-ஆவது மாதம் இல்லாததால் அதற்குமேல் தானாகத் திருத்திக்கொண்டு உங்களை ஏமாற்றும். ஆண்டை முதலில் எழுதுங்கள், அல்லது பாராமீட்டர் பயன்படுத்துங்கள்.

ஒரு நாளுக்கு 24 மணி என்று அகலத்தைக் கணக்கிட்ட பலகை, கோடைகால நேரம் மாறும் நாளில் அதன் பிறகான பட்டைகளையெல்லாம் நகர்த்திவிடும். அந்த நாளுக்கு 23 அல்லது 25 மணி. ஆஸ்திரேலியாவின் லார்டு ஹோவ் தீவில் மாற்றமே அரை மணி நேரம்தான். எதிர்கால முன்பதிவுக்கு யுடிசி மட்டும் போதாது என்பது என் கருத்து. அரசுகள் விதியை மாற்றும். சமோவா 2011 டிசம்பர் 30-ஆம் தேதியையே நாட்காட்டியிலிருந்து தாண்டிப் போனது. சுவர்க் கடிகார நேரத்தையும் நேர மண்டலத்தின் பெயரையும் சேர்த்து வைத்துக்கொண்டால் விதி மாறும்போது யுடிசி-யை மறுபடி கணக்கிடலாம்.

## பலகை திறக்கவே மாட்டேன் என்கிறது

முதலில் நேரம் எங்கே போகிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள். பதில் வரத் தாமதமா, வந்த பிறகு வரையத் தாமதமா? பதில் தாமதம் என்றால் ஒவ்வொரு வளத்துக்கும் தனித்தனி க்வெரி ஓடுகிறதா என்று லாகில் எண்ணுங்கள். 200 வளங்களுக்கு 200 க்வெரி என்றால் அதுதான் காரணம். ஒரே க்வெரியாக எடுத்து நினைவகத்தில் பிரித்துக்கொள்ளுங்கள். வள ஐடி, தொடக்கம் இரண்டுக்கும் சேர்த்து இண்டெக்ஸ் இருக்கட்டும்.

வரைவது தாமதம் என்றால் கட்டங்களை எண்ணுங்கள். 200 வளம், அரை மணிக் கட்டம், ஏழு நாள் என்றால் 67,200 கட்டங்கள். அத்தனைக்கும் தனி எலிமென்ட் வைத்தால் எந்தப் பிரவுசரும் திணறும். காலி நேரத்துக்கு எலிமென்ட் எதற்கு? கோடுகளைச் சிஎஸ்எஸ் பின்னணியாக வரைந்து, பட்டைகளை மட்டும் எலிமென்டாக வைத்து, கண்ணில் படும் வரிசைகளை மட்டும் உருவாக்கினால் போதும். இழுக்கும்போது மட்டும் தடங்கல் என்றால் இடது, மேல் பண்புகளை மாற்றுவதை விட்டு டிரான்ஸ்ஃபார்ம் பயன்படுத்துங்கள். நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சுமார் 16.7 மில்லி நொடிதான். அதற்குள் சர்வரிடம் மோதல் கேட்கும் பேச்சுக்கே இடமில்லை.

ஆக்சஸ் ஃபார்மில் செய்பவர்களுக்குத் தனித் தொல்லை: தொடர் ஃபார்மில் ஒரு வரியின் பட்டையை நகர்த்தினால் எல்லா வரிகளிலும் நகரும், ஏனெனில் அங்கே இருப்பது ஒரே கன்ட்ரோல், திரும்பத் திரும்ப வரையப்படுகிறது. ஃபார்மின் அகலத்துக்கு வரம்பு உண்டு; கன்ட்ரோல்களும் பிரிவுகளும் சேர்ந்த எண்ணிக்கைக்கும், அழித்தவை உட்பட, வரம்பு உண்டு. நிலையான எண்ணிக்கையில் கட்டங்களும் கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கும் வைத்து முடித்துக்கொள்வதே அங்கே புத்திசாலித்தனம். இழுத்து விடும் வசதி கட்டாயம் என்றால் வேறு கருவிக்குப் போய்விடுங்கள்.

## ஐந்து மடிக்கணினிகளில் இரண்டு கேட்டால் "இல்லை" என்கிறது, இருக்கின்றன

ஒன்றுக்குமேல் எண்ணிக்கை உள்ள வளத்துக்கு எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட் உதவாது, கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டுவதில்தான் பிழை. 9 முதல் 10 வரை மூன்று போயிருக்கின்றன, 10 முதல் 11 வரை வேறொருவருக்கு மூன்று. நீங்கள் 9 முதல் 11 வரை இரண்டு கேட்கிறீர்கள். உங்கள் நேரத்தோடு மோதுபவை எல்லாவற்றையும் கூட்டினால் ஆறு வரும், மறுப்பு வரும். ஆனால் எந்தக் கணத்திலும் வெளியே இருப்பது மூன்றுதான். இரண்டு எப்போதும் காலி.

தேவைப்படுவது மொத்தம் அல்ல, உச்சம். ஒவ்வொரு தொடக்கத்தையும் கூட்டல் நிகழ்வாகவும் ஒவ்வொரு முடிவையும் கழித்தல் நிகழ்வாகவும் எடுத்து நேர வரிசையில் அடுக்கி ஓடும் மொத்தம் பாருங்கள். விண்டோ ஃபங்ஷன் (வரிசையாக வரிகளைப் பார்த்து ஓடும் மொத்தம் போன்றவற்றைக் கணக்கிடும் வசதி) உள்ள டேட்டாபேஸில் இது ஒரே க்வெரி. ஒரே நேரத்தில் முடிவும் தொடக்கமும் வந்தால் முடிவை முதலில் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் 10 மணிக்கு ஆறு என்று பொய் உச்சம் காட்டும். இந்தச் சோதனைக்கும் எழுதுவதற்கும் நடுவே அதே பழைய ஓட்டை உண்டு என்பதால் வளத்தின் வரியைப் பூட்டிவிட்டே ஓட்டுங்கள். எந்த மடிக்கணினி யாரிடம் என்பதும் தெரிய வேண்டுமென்றால் ஐந்தையும் ஐந்து தனி வளங்களாகப் பிரித்து, பலகையில் ஒரே தலைப்பின் கீழ் காட்டுங்கள். அப்போது கட்டுப்பாடே மறுபடி காவல் காக்கும்.